அரைவிலையார் சொன்ன முழுப் பொய்

அத்தியாயம் 14

அந்த வீட்டில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆமாஞ்சாமியை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத்தான் காப்பாற்ற வேண்டும்.

போன வாரம் பெரிய டாக்டரம்மாவிடம் பதிமூன்றாம் வார ஸ்கேனுக்குப் போயிருந்தார்கள் கணவனும் மனைவியும். வழக்கமாகத் திரையைப் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் டாக்டரம்மா, ஓரிடத்தில் கதையை நிறுத்தினார். "இடது கை மணிக்கட்டோட நிக்கிற மாதிரி தெரியுது. குழந்தை சுருண்டு படுத்திருக்கு, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாத்துடலாம்" என்றார். படியிறங்கியதும் மனைவி கணவனிடம் வாக்கு வாங்கினாள்: ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

"ஆமா" என்றான் கணவன்.

அவன் எதற்கும் ஆமா சொல்பவன். கடைத்தெருவே சேர்ந்து அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்திருந்தது. மறுநாள் காலை அவனுடைய அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "என்னடா, ஸ்கேன்ல ஏதாவது குறை கிறைன்னு சொன்னாங்களா?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஆமா" என்றான்.

ரொட்டி முடிவதற்குள் ரகசியமும் முடிந்தது.

அப்பா என்றால் சாதாரண அப்பா இல்லை. தாழ்ப்பாள், கீல், பூட்டு, ஆணி விற்கிற கடைக்காரர். அரைவிலையார் என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். எதிராளி எதைச் சொன்னாலும் அதில் பாதியைச் சொல்லித்தான் இவர் வாய் திறப்பார். கடையில் மட்டும் இல்லை, எங்கேயும் அப்படித்தான். இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும் என்ற பல் டாக்டரிடம் பேசிப் பேசி ஒன்றோடு எழுந்து வந்தவர். அந்த இன்னொரு பல் இரண்டு மாதம் கழித்து அவரை மூன்று நாள் படுக்கப் போட்டது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவர் மணிக்கட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டு என்ன சொல்லியிருப்பார்?

"முதல்ல போன இடத்துல சொல்றதை யாராவது எடுத்துக்குவாங்களா? அது சும்மா ஆழம் பாக்கறது. இன்னொரு இடம் பாப்போம். அங்க என்ன சொல்றாங்கன்னு வச்சுக்கிட்டுப் பேசிக்கலாம்."

"பேசறதுக்கு இதுல என்ன மாமா இருக்கு?" என்றாள் மருமகள்.

"பேசினாத்தானம்மா தெரியும்."

மருமகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் டைல்ஸ் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அந்த வீட்டுக்கு வாழவந்த முதல் நாளே மாமியார் கொடுத்த காபிக் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அத்தை, இதுல மயிரிழை விரிசல் ஓடியிருக்கு. பத்து நாள் தாங்காது" என்றாள். ஒன்பதாம் நாள் காபி மாமியாரின் மடியில் இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவளும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

ஊரார் டைல்ஸில் குறை கண்டுபிடிக்கிறவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. கை இருக்கிறதா இல்லையா என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. போன மாதம் ஒரு கீலில் ஒரே ஒரு ஓட்டை போடாமல் வந்துவிட்டது என்று மாமனார் பெட்டியையே திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டியைப் பிரித்தவர் அவர், மூடியவர் அவர், வண்டியில் ஏற்றியவரும் அவர். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணை மூடினால் அவளுக்கு அந்தப் பெட்டி வண்டி ஏறுவதுதான் தெரிந்தது.

குழந்தை அவளுக்கு வேண்டும். எப்படி இருந்தாலும் வேண்டும். இந்த வீடு அதற்கு என்ன சொல்லும் என்பதுதான் தெரியவில்லை.

*

இரண்டாவது இடத்துக்குக் கடையின் சரக்கு வேனில்தான் போனார்கள். மாமியார் கடையைப் பார்த்துக்கொண்டார். ஆமாஞ்சாமி ஓட்டினான், பக்கத்தில் பூதக்கண்ணாடி. அரைவிலையார் பின்னால் ஆணிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, சின்ன ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மெதுவாடா, மெதுவா" என்றும் "என்னடா ஆமை மாதிரி" என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டுக்கும் பதில் "ஆமா" தான்.

"மாமா, ஒரே ஒரு கண்டிஷன்" என்றாள் அவள் திரும்பி. "முதல்ல பாத்தவங்க என்ன சொன்னாங்கன்னு இந்த டாக்டர்கிட்ட நாம சொல்லக் கூடாது. சொன்னா அவர் கண்ணு அதைத்தான் தேடும். எங்க கம்பெனில முதல் செக்கர் பாத்ததைப் பத்தி ரெண்டாவது செக்கர்கிட்ட வாயே திறக்க மாட்டோம். ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே இடத்துல விரலை வச்சாத்தான் விரிசல்."

"நியாயம்தானே" என்றார் மாமனார். "அந்தம்மா சொன்னதை நான் சொல்லவே மாட்டேன்."

குரலில் அப்படி ஒரு நாணயம். வேறு நாளாக இருந்தால் பூதக்கண்ணாடி அந்த நாணயத்தையே சுரண்டிப் பார்த்திருப்பாள்.

ஸ்கேன் நிலையம் மாடியில் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த வரவேற்புப் பெண் நிமிராமலே, "நாலு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க" என்றாள்.

"ரெண்டு போதாதா?" என்றார் அரைவிலையார்.

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கு இல்ல சார்."

"எனக்கு இல்லம்மா, தெரியுது. பொதுவாக் கேட்டேன்."

பெயரைக் கூப்பிட்டபோது, "கூட ஒருத்தர்தான் வரலாம்" என்றாள் அதே பெண்.

"ஒருத்தர்தானே? அவன் பாதி, நான் பாதி."

இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்வது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பாதி உள்ளே போய்த் திரைச்சீலைப் பக்கமாக நின்றுகொண்டிருந்தது.

அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. ஸ்கேன் டாக்டர் இளவயசுக்காரர். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, பேசும்போது கதவை மெல்லச் சாத்துவதுபோல ஒரு குரல். அவள் வயிற்றில் களிம்பைத் தடவிக்கொண்டே, "இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்தீங்களாம்மா?" என்றார்.

அவள் வாய் திறந்தாள். திரைச்சீலை முந்திக்கொண்டது.

"பாத்தோம் டாக்டர்! பெரிய டாக்டரம்மாகிட்டத்தான். எல்லாம் பிரமாதமா இருக்குன்னாங்க. ரெண்டு கை, ரெண்டு கால், இருபது விரலு. ஒண்ணு விடாம எண்ணிக் காமிச்சாங்க. சும்மா உங்ககிட்டயும் ஒரு தடவை காட்டிட்டுப் போலாம்னு வந்தோம்."

அந்தம்மா சொன்னதைச் சொல்லவே மாட்டேன் என்றாரே, சொல்லவில்லை. வாக்கு வாக்குதான்.

இதில் அவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. நாற்பது வருஷம் சரக்கு எடுக்கப் போன இடத்திலெல்லாம், பக்கத்துக் கடைக்காரன் சொன்ன விலையைக் குறைத்துச் சொல்லியே பழகிய வாய். அங்கே நல்லபடியாகச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னால் இங்கே அதைவிட நல்லபடியாகச் சொல்லித்தானே தீர வேண்டும்?

டாக்டரின் முகம் மலர்ந்தது. "மேடம்கிட்டயா? எனக்கு ஸ்கேன் பாக்கச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். அவங்க பாத்துட்டாங்கன்னா அப்புறம் நான் பாக்க என்ன இருக்கு?" என்றவர் கணவன் பக்கம் திரும்பினார். "எல்லாம் நார்மல்னுதான் சொன்னாங்க, இல்லையா?"

"ஆமா" என்றான் ஆமாஞ்சாமி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. திருத்தப் போனான். மனைவியின் கை கட்டிலிலிருந்து நீண்டு அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியது. அவன் "ஆ" என்றதோடு நின்றது.

அவள் ஏன் கிள்ளினாள்?

கம்பெனியில் திங்கட்கிழமைதோறும் அவள் செய்கிற வேலை ஒன்று உண்டு. விரிசல் விட்ட டைல் ஒன்றை எடுத்து, அதன்மேல் தானே ஒரு 'பாஸ்' ஸ்டிக்கரை ஒட்டி, நல்ல டைல்ஸ் அடுக்குக்குள் சொருகிவிடுவாள். ஸ்டிக்கரைப் பார்த்துத் தள்ளிவிடுகிற செக்கர் மாட்டிக்கொள்வான். ஸ்டிக்கரை மீறி விரிசலைத் தொடுகிறவன்தான் செக்கர். அவன் சொல்வதற்கு அப்புறம் மேல்முறையீடு கிடையாது.

மாமனார் தன்னை அறியாமல் இப்போது ஒட்டியது அந்த ஸ்டிக்கரைத்தான். அதுவும் குருவின் கையெழுத்தோடு.

இருக்கட்டும், என்று நினைத்தாள். இவர் எதைத் தொடுகிறார் என்று பார்ப்போம்.

*

திரையில் தலை வந்தது. நெஞ்சுக்குள் ஒரு புள்ளி படபடவென்று அடித்துக்கொண்டது. வயிறு, முதுகுத்தண்டு, இரண்டு கால். ஒரு காலை நீட்டி எதையோ உதைத்தது.

"தாத்தா மாதிரியே கோவம்" என்றான் ஆமாஞ்சாமி.

"சும்மா இருடா" என்றார் தாத்தா, பெருமை தாங்காமல்.

"வலது கை" என்றார் டாக்டர். "மேல்கை, முன்கை, உள்ளங்கை. விரல் விரிச்சுக் காட்டுது பாருங்க." அஞ்சு விரலும் ஒரு கணம் வெள்ளையாக விரிந்து மூடின. அரைவிலையார் தன்னை அறியாமல் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

"இடது கை உடம்புக்கு அடியில இருக்கு. கொஞ்சம் நடந்துட்டு வாங்க. ஏதாவது ஜில்லுனு குடிங்க. திரும்பிப் படுக்கும்."

தாழ்வாரத்தில் அவள் ஆரஞ்சு ஜூஸைக் குடித்துக்கொண்டே நடந்தாள். பின்னாலேயே அரைவிலையார், அவள் வயிற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார்.

"கண்ணு, முழுசாத் திரும்ப வேண்டாம். பாதி திரும்பு போதும். மிச்சத்தை டாக்டர் பாத்துக்குவார்."

காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த இடத்தில் அழுகை நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டி நடந்தாள்.

"ஏங்க, நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் கணவனிடம்.

"பேசினா கிள்ளுவ."

மறுபடி கட்டில். மறுபடி களிம்பு. குழந்தை சொன்ன சொல் கேட்டுத் திரும்பியிருந்தது. டாக்டர் கருவியை வைத்தார். சாய்த்தார். நிறுத்தினார். படத்தை உறைய வைத்து ஓர் அளவு எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.



"மேடம் கண்ணு இதைத் தவற விடாதே" என்று முணுமுணுத்தார்.

பூதக்கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது. கண் ஒன்று சொல்கிறது, ஸ்டிக்கர் ஒன்று சொல்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு செக்கர் முழிக்கிறான். எத்தனை முழிகளை அவள் பார்த்திருக்கிறாள்! ஸ்டிக்கரை நம்பியவனை அவள் ஒரு நாளும் மன்னித்ததில்லை. இன்றைக்கு மட்டும், இந்த ஒரு தடவை மட்டும், இந்த ஆள் அதை நம்பித் தொலைத்தால் என்ன என்று அவளுக்கு இருந்தது.

டாக்டர் கருவியைப் பக்கவாட்டில் வைத்தார். இன்னொரு கோணம். அப்புறம் அடியிலிருந்து ஒரு கோணம். பிறகு கருவியைத் தாங்கியில் மாட்டிவிட்டு, நாற்காலியை அவள் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம் என்ன பாத்தாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் பாக்கறதை நான் சொல்லியாகணும். இடது பக்கம் மேல்கை இருக்கு. முன்கையும் இருக்கு. மணிக்கட்டுக்குக் கீழ கை உருவாகல. மூணு கோணத்துல பாத்துட்டேன்."

அவள் தலையசைத்தாள். 

"மேடத்துக்கு ஒரு போன் போட்டுப் பேசட்டுமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்."

"அதெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்று திரைச்சீலை பதறியது. "பெரியவங்களைப் போயி இந்த நேரத்துல..."

"போடுங்க சார்" என்றாள் அவள். "ஸ்பீக்கர்ல போடுங்க."

மணி அடித்தது. டாக்டர் எழுந்து நின்றுகொண்டே பேசினார். குரு கண்ணில் படாவிட்டாலும் உட்கார்ந்து பேசத் துணிச்சல் இல்லை போலிருக்கிறது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் நீங்க நார்மல்னு அனுப்பின ஒரு கேஸ்..."

விவரத்தைக் கேட்டதும் போன் வெடித்தது.

"நான் எங்கய்யா நார்மல்னேன்? இடது கை தெரியல, ஒரு வாரத்துல வான்னு என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கேன்! இருபது விரலை எண்ணினேனா? யாருய்யா சொன்னது?"

டாக்டர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ஆமாஞ்சாமி திரும்பிப் பார்த்தான். அரைவிலையார் சுவரில் தொங்கிய தடுப்பூசி அட்டவணையை அப்போதுதான் முதல் முறையாக வெகு சிரத்தையோடு படித்துக்கொண்டிருந்தார்.

"குடும்பத்துப் பெரியவர் மேடம்" என்றார் டாக்டர்.

"என்ன வேலை பாக்கறார்?"

"வியாபாரம் போல."

"அதானே பாத்தேன்." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு குரல் இறங்கியது. "நீ என்ன பாத்த?"

"மணிக்கட்டோட நிக்குது மேடம்."

"நார்மல்னு நான் சொன்னதா நினைச்சுக்கிட்டே பாத்தியா?"

"ஆமா மேடம்."

"அப்புறமும் தைரியமாச் சொன்னியா? சபாஷ். ரிப்போர்ட்ல அதையே எழுது."

போனை வைத்தார்கள். பூதக்கண்ணாடி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பேர், தனித்தனியாக, ஒரே இடத்தில் விரலை வைத்துவிட்டார்கள். இதற்கப்புறம் மேல்முறையீடு இல்லை.

*

மேல்முறையீட்டுக்கு ஒரே ஒரு ஆள் தயாராக இருந்தார்.

அரைவிலையார் திரைச்சீலையை விட்டு முன்னால் வந்தார். குரலைத் தணித்து, கடையில் கடைசிப் பேரத்துக்கு வைத்திருக்கும் அந்தக் குரலில், "டாக்டர், அஞ்சு விரல் கேக்கல. ரெண்டு விரல் இருக்கும்ல?" என்றார்.

"இல்ல சார்."

"ஒண்ணு? கட்டைவிரல் மாதிரி, சின்னதா?"

"சார், இது பேசி முடிக்கிற விஷயம் இல்ல."

நாற்பது வருஷத்தில் அவரிடம் இப்படி எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் எழுந்து வாசல்வரை போவார், எதிராளி கூப்பிடுவான். இங்கே எழுந்து போனால் கூப்பிட யாரும் இல்லை. அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆள் ஒரு சுற்று சின்னதாகிப் போனார்.

"நான் செய்யக்கூடாதது எதையாவது செஞ்சிட்டேனா சார்?" என்றாள் அவள்.

"இல்லவே இல்ல. கை உருவாகற நேரத்துல நடந்தது. நீங்க கர்ப்பம்னு தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடியே கூட நடந்திருக்கும். பெரும்பாலும் காரணமே கிடைக்காது."

"நான் அவளை இந்த வேன்ல கூட்டிட்டுப் போறது..." என்று ஆரம்பித்தான் ஆமாஞ்சாமி.

"வேன்ல போறதால கை போகாது. இடுப்புத்தான் போகும்." டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். இன்றைக்குப் பார்த்தவரை மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் பதினாலு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடாது. இருபதாம் வாரம் இதயத்தையும் சிறுநீரகத்தையும் விவரமாகப் பார்க்க வேண்டும். மரபணு டாக்டர் ஒருவரைப் பார்த்துப் பேச வேண்டும். "இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சதுல ஒரு லாபம், யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கு. எந்த முடிவா இருந்தாலும் அவசரப்படாம எடுங்க."

"முடிவுன்னா?" என்றார் அரைவிலையார்.

"சில குடும்பத்துல தொடர வேண்டாம்னு நினைக்கறது உண்டு சார். அதைப் பத்தியும் தெரிஞ்சுக்கற உரிமை அவங்களுக்கு இருக்கு. அதனால சொல்றேன்."

 மாமனார் வாய் திறப்பதற்குள் பேசிவிட வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றுக் களிம்பு புடவையில் வழிந்தது.

"முடிவு எடுத்தாச்சு சார். இருபதாம் வாரம்னா எந்தத் தேதின்னு சொல்லுங்க."

"ஆமா" என்றான் ஆமாஞ்சாமி.

அவள் திரும்பினாள். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. கல்யாணமான மூன்று வருஷத்தில், யார் சொன்னதற்கும் தலையாட்டாமல் அவனாகவே எடுத்துப் போட்ட ஆமா அது ஒன்றுதான்.

இருவரும் அரைவிலையாரைப் பார்த்தார்கள். அவர் தன் இடது கையை முழங்காலில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "ஒரே ஒரு கேள்விதான். ரெண்டு பேர் பரம்பரையிலயும் யாருக்காவது பிறவியிலேயே கை கால்ல இந்த மாதிரி இருந்திருக்கா?"

"எங்க பக்கம் இல்ல சார், அம்மாகிட்டக் கேட்டுட்டேன்" என்றாள் அவள்.

"எனக்குத் தெரிஞ்சு..." என்று இழுத்து அப்பாவைப் பார்த்தான் ஆமாஞ்சாமி.

"இல்ல" என்றார் அரைவிலையார்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

*

திரும்பும்போது வேனின் சின்ன ஜன்னலில் தலை முளைக்கவில்லை. மெதுவா என்று ஒரு குரல் இல்லை, ஆமை என்று ஒரு குரல் இல்லை. ஆணிப் பெட்டிகள் மட்டும் குலுங்கிக்கொண்டு வந்தன.

பூதக்கண்ணாடி மூன்று சிக்னல் வரை பொறுத்தாள். நாலாவதில் திரும்பி ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

"மாமா, டீ வேணுமான்னு கேட்டாக்கூட நீங்க நாலு வார்த்தை பேசுவீங்க. டாக்டர் பரம்பரையைப் பத்திக் கேட்டப்ப ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க."

அவர் ஆணிப் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யாரு மாமா?"

"வண்டியை ஓரங்கட்டுடா" என்றார் அவர்.

பின்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் பக்க ஜன்னலுக்கு வந்து நின்றார். எதிரே பஸ் நிறுத்தம்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க. நான் ஒரு இடம் போயிட்டு வரேன்."

"எங்கப்பா?" என்றான் மகன்.

"உன் பெரியப்பா வீட்டுக்கு."

"எனக்கு ஏதுப்பா பெரியப்பா?"

"இருக்கான். என்னைவிட நாலு வயசு மூத்தவன். பொறக்கும்போதே இடது கை மணிக்கட்டோட சரி. எனக்கு சைக்கிள் கத்துக் கொடுத்தது அவன்தான். நம்ம கடைப் பலகை மொத்தமும் அவன் அடிச்சது."

அவள் தன்னை மறந்து கேட்டாள்: "ஆணியை எப்படி மாமா புடிச்சுக்கிட்டு அடிப்பாரு?"

அவர் யோசித்தார்.  "பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேம்மா. எப்படின்னு ஒரு நாளும் கவனிச்சதில்ல. அடிப்பான், அவ்வளவுதான். அவனுக்குக் கையில ஒண்ணு குறையுதுங்கறதே எனக்கு ஞாபகத்துல இருக்காது." ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஒரு சண்டையில நானே அதை ஞாபகப்படுத்தினேன். கடையில பத்து பேர் நிக்கறப்ப, அந்தக் கையைச் சொல்லியே திட்டினேன். சுத்தியலைக் கீழ வச்சிட்டுப் போனவன்தான். இருபத்தேழு வருஷம் ஆச்சு."

ஆமாஞ்சாமிக்கு அப்போது இரண்டு வயது இருந்திருக்கும். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"மாமா, இது டாக்டருக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள் அவள் மெதுவாக. "இப்பவே போன் பண்றேன்."

"பண்ணும்மா. நான் மறுபடியும் பொய் சொல்லிட்டேன்னு சொல்லு. அவருக்கு இதுக்குள்ள பழகியிருக்கும்."

பஸ் வந்து நின்றது. அவர் சாலையைக் கடந்து படியில் கால் வைத்தார். நடத்துநரிடம் ஏதோ கேட்டார்; நடத்துநர் கையைக் காட்டி வழி சொன்னார். பஸ் கிளம்பியது.

"அப்பா போனைக் கடையிலயே வச்சிட்டு வந்துட்டார்" என்றான் ஆமாஞ்சாமி.

அவள் காதில் மணி அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் எடுத்தார்.

"சார், பரம்பரையில யாரும் இல்லைன்னு எழுதிக்கிட்டீங்களே, அதைத் திருத்திடுங்க. ஒருத்தர் இருக்கார். குழந்தைக்குப் பெரிய தாத்தா முறை. இதே மாதிரி இடது கை."

"நல்லவேளை சொன்னீங்க. மரபணு டாக்டர் அவரைக் கண்டிப்பாப் பாக்கணும்பாங்க. கூட்டிட்டு வர முடியுமா?"

பஸ் அடுத்த திருப்பத்தில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அவர் எங்க மாமாவுக்குக் கதவைத் திறக்கறதைப் பொறுத்து இருக்கு சார்" என்றாள்.